சுருட்டாத பாய்

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. பாளையங்கோட்டையில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதற்காகத்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். மூளையைப் பற்றி யாரும் விசாரித்ததாக ஞாபகம் இல்லை. கோபம் மட்டும் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். பேனா முள் உடைந்தால்கூட யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்தான் அடுத்த வேலை ஓடும்.

ஐரோப்பாவில் சண்டை முடிகிற சமயம், ஐப்பசி மாதம். பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கிய ஒரு காய்ச்சல் ரயிலேறி மெட்ராஸ் வந்து, மதுரை வந்து, எங்கள் சீமைக்கும் வந்துவிட்டது என்று பேச்சு. விஷக்காய்ச்சல் என்றார்கள், பம்பாய்க் காய்ச்சல் என்றார்கள். மூன்று நாள் ஆளைப் புரட்டிப் போடும். நிறையப் பேர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் எழுந்திருப்பதில்லை.

என் மேஜைக்கு வந்த வேலை இதுதான். ஒவ்வொரு ஊர் கிராம முன்சீபும் தன் ஊரில் இந்த வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று ஒரு காகிதத்தில் எழுதி அனுப்புவார். நான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, கூட்டி, நல்ல தாளில் நகல் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். கூட்டலை இரண்டு தடவை சரிபார்ப்பேன். தாமிரவருணிக் கரை முழுக்க யார் இருமினாலும் அது என் மேஜைக்கு வந்துதான் தீர வேண்டும் என்று எனக்கு ஒரு மிதப்பு. வருகிற எண்ணே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் நான் யோசித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து என் மனைவிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு அனுப்புவதுதான் முறை. எனக்கோ அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பிள்ளை பிறக்கிற நேரத்தில் வெந்நீர் போடக்கூட இன்னொரு பெண்பிள்ளை கிடையாது. மாமனார் ஊர் பத்தமடைக்கு அந்தப் பக்கம். சேரன்மகாதேவி வரை ரயில், அங்கிருந்து மாட்டுவண்டி. "மகளை எப்போது அனுப்புகிறீர்கள்?" என்று வாரம் ஒரு கார்டு போட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

நானும் அனுப்பியிருப்பேன். எங்கள் தெருவில் குடியிருந்த கம்பவுண்டர்தான் குறுக்கே விழுந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு நாள் என்னைத் தெருமுனையில் நிறுத்தினார்.

"ஓய், ஒம்ம கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்ல? கெழடு கட்டையெல்லாம் இருமிட்டு எந்திச்சுப் போயிருது வே. வயசுப் புள்ளைகளத்தான் தூக்குது. அதுலயும் மாசமா இருக்க பொம்பளைகன்னா ரொம்ப மோசம். எங்கன காய்ச்சல் கம்மியோ, அங்கன ஒம்ம வீட்டம்மாவ வையும்."

அன்று ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக மாமனார் ஊர்க் காகிதத்தைத்தான் தேடினேன். முன்சீபின் கோணல் எழுத்தில் இருந்தது: காய்ச்சல், நாலு பேர். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு ஒன்றிலேயே எந்த நேரமும் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு பேர் எங்கே, நாங்கள் எங்கே! அடேயப்பா, அவளை அனுப்பிவிடலாம் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க ஊருல சும்மா நாளையிலேயே தும்முதவங்க நாப்பது பேரு இருப்பாவ. காய்ச்சக் காலத்துல நாலாம்லா!"

"சர்க்கார் கணக்கு! முன்சீப் கையெழுத்துப் போட்டிருக்கார்!" என்று கத்தினேன்.

"போட்டிருப்பாரு. அவரு நல்லாப் போடுவாரு" என்றாள்.

அடுத்த வாரக் காகிதத்தில் நாலு என்றுகூட இல்லை. "மேற்படி" என்று இருந்தது. போன வாரத்து எண்ணே இந்த வாரமும் என்றால் அப்படி எழுதுவது எங்கள் வழக்கம். அதற்கு அடுத்த வாரமும் மேற்படி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நாலே பேர். இதைவிடப் பத்திரமான ஊர் உண்டா?

மூன்றாவது காகிதத்தைக் கொண்டுவந்த தலையாரி ஆபீஸ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, விலா எலும்பு தெறிக்கிற மாதிரி இருமினார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"என்னவே, காய்ச்சலா?" என்றேன்.

"காய்ச்சலா? அதெல்லாம் எங்க ஊருல கெடையாதுய்யா. மேலு வலி. தொண்டைக் கட்டு. மூணு நாளாத் தலையத் தூக்க முடியல. அம்புட்டுத்தான்."

"முன்சீப் எப்படி இருக்காரு?"

"அவியளும் படுத்துட்டாவ. மொதக் காயிதம் எழுதும்போதே மேலு கணகணன்னு இருக்குன்னாவ. நல்ல மனுசன் பாத்துக்கிடுங்க, சர்க்கார் வேலை நிக்கக் கூடாதுன்னு நாலு வாரத்துக்குச் சேத்து அப்பவே எழுதிக் கையெழுத்தும் போட்டு என் கையில குடுத்துட்டாவ. 'வாரம் ஒண்ணாக் குடுலே'ன்னு சொல்லியிருக்காவ. இன்னும் ஒண்ணு மடியில இருக்கு. இப்பமே தந்துட்டுப் போயிரட்டுமா? நடக்க முடியல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வராத வாரத்துக்கும் மேற்படி! அந்த நாலை நம்பி நான் என் பெண்டாட்டிக்கு வண்டி பேசியிருந்தேன். ஹெட் குமாஸ்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து சரியாத்தானே இருக்கு?" என்று திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் மாமனார் கார்டு காத்திருந்தது. இனி எழுதிப் பிரயோஜனமில்லை, வருகிற புதன்கிழமை நானே நேரில் வந்து மகளைக் கூட்டிப் போகிறேன் என்று எழுதியிருந்தார். ஒரு வாரத்துக்குள் எனக்கு உண்மையான எண் தெரிந்தாக வேண்டும். அவள் எங்கே இருப்பது என்பது அதில்தான் இருந்தது.

முதலில் எங்கள் தெருவிலேயே எண்ணிப் பழகுவோம் என்று ஒரு நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினேன். வீடு வீடாகப் போய், "காய்ச்சல் யாருக்காவது உண்டா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பிளேக் வந்த ஊர்களில் ஆட்களைப் பிடித்து ஊருக்கு வெளியே கொட்டகையில் அடைத்தார்கள் என்ற பேச்சு ஜனங்கள் மனதில் அப்படியே இருந்தது. நோட்டோடு ஒருவன் வாசலில் நின்று காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் யார் உண்மையைச் சொல்வார்கள்?

எதிர் வீட்டு அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள். "காய்ச்சலா? எங்க வீட்டுலயா? ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா அண்ணாச்சி?" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ "அம்மாடி, அம்மாடி" என்று அனத்துவது எனக்கு நன்றாகவே கேட்டது.

தெரு முழுக்க ஏறி இறங்கியதில் தேறியது இரண்டு பேர். அதில் ஒருவர் எங்கள் கம்பவுண்டரின் தம்பி. மறைக்க முடியாமல் சொன்னார்கள்.

"எல்லாம் புளுகு! தெருவே புளுகுது! மனுஷன் கேட்டா ஒரு உண்மை வருதா?" என்று நோட்டை வீசி எறிந்தேன்.

என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"காய்ச்சன்னு கேட்டா யாரு சொல்லுவா? பாய் சுருட்டியாச்சான்னு கேளுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் பக்கத்தில் விடிந்ததும் முதல் வேலை பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவது. பகலில் பாய் விரித்துக் கிடந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். மத்தியானம் கண் அசருகிறவர்கள்கூடத் துண்டை விரித்துத் தரையில்தான் சாய்வார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு பாய் சுருட்டாமல் கிடக்கிறது என்றால் அதில் எழுந்திருக்க முடியாத ஒரு ஆள் கிடக்கிறார் என்று அர்த்தம். பாயைப் பற்றிச் சொல்வதில் யாருக்கும் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போகும் வழியில் அதே எதிர் வீட்டில் நின்றேன். "என்னம்மா, பாயெல்லாம் சுருட்டியாச்சா?"

"எங்க அண்ணாச்சி சுருட்ட! மூணு பாய் கெடக்கு. நான் ஒருத்திதான் நடமாடுதேன். ஒரு கை கஞ்சி வைக்கவும் மாட்டாம கெடக்கேன்" என்று மூக்கைச் சிந்தினாள்.

அன்று தெருவில் இரண்டு பேர் பத்தொன்பது பாயானார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெரிய கெட்டிக்காரன் மாதிரி நோட்டை அவள் முன்னால் விரித்தேன். அவள் ஒவ்வொரு வீடாக விரலை வைத்துக்கொண்டு போனாள்.

"முக்கு வீட்டுல ஒரு பாய் போட்டிருக்கிய. அது அந்தத் தாத்தாவுக்குக் கைகால் விழுந்து வருசக்கணக்காக் கெடக்க பாய். அதக் கழிங்க."

கழித்தேன்.

"இந்த வீட்டுக்கு நேரே ஒண்ணுமே எழுதலியே?"

"கதவு சாத்தியிருந்தது. தட்டினேன், யாரும் வரலை. விட்டுட்டேன்."

"நல்லா இருக்கே கதை! எந்திச்சு வந்து கதவத் தொறக்க ஆளு இருக்க வீட்ட மட்டும் எண்ணுனா, சொகமா இருக்க வீட்டத்தானே எண்ணுதிய?"

கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தள்ளினோம். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பாயில் கிடந்தார்கள். பானையில் தண்ணீர் இல்லை. கம்பவுண்டர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒம்ம பாய்க்கணக்கு நல்ல கணக்கு வே. அடுத்த வாரம் மருந்தும் கஞ்சியும் ஒரு வண்டியில ஏத்திக்கிட்டு ஒம்ம மாமனார் ஊருப் பக்கம்தான் போகச் சொல்லியிருக்காவ. இருக்கது ஒத்தை வண்டி. எந்தத் தெருவுல ஜாஸ்தின்னு நீரு எழுதிக் குடுத்தீர்னா அங்கேருந்து ஆரம்பிப்பேன்."

ஆகவே சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு மாமனார் ஊருக்குப் போனேன். ஒரே நாளில் ஊர் முழுக்க ஏறி இறங்க முடியாது. ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு, பதினைந்தாவது வீடு என்று ஐந்துக்கு ஒன்றாகப் பார்த்து, வந்ததை ஐந்தால் பெருக்கிக்கொள்வது என்று ரயிலிலேயே தீர்மானித்தேன். எந்த வீட்டையும் பிடிக்கவில்லை என்று தாண்டக் கூடாது, கதவு சாத்தியிருந்தால் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எனக்கு நானே கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

வண்டியை விட்டு இறங்கியதும் முன்சீப் வீடு. மனுஷர் கழுத்து வரை போர்த்திக்கொண்டு கிடந்தார்.

"என்ன வே, கணக்கு சரியா வந்துச்சா?" என்றார் ஈனசுரத்தில்.

"வந்தது. நாலு, மேற்படி, மேற்படி. அந்த நாலு பேரில் நீங்களும் உண்டா?"

"நான் எப்படி? நான் எழுதும்போது நல்லாத்தானே இருந்தேன்!" என்று ரோஷப்பட்டார்.

நான் தெருவில் இறங்கி எண்ண ஆரம்பித்ததும் மாமனார் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்துகொண்டார். என்னைப் பார்த்ததும் முதலில் அவர் முகத்தில் ஒரு திடுக்கிடல். பிறகு சமாளித்துக்கொண்டு, "நம்ம ஊருல காய்ச்சலே கெடையாது மாப்பிள்ளை. காத்து அப்படி. தைரியமாப் புள்ளைய அனுப்புங்க" என்று கூடவே நடந்தார். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் இருமல் கேட்டுக்கொண்டே வந்தது. சாதாரணமாக என்னைக் கண்டால் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போய் இலை போடுகிற மனுஷன், அன்று "வீட்டுக்குப் பைய போவலாம், நீங்க சோலியப் பாருங்க" என்றார். என் வேலையின் மேல் எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். இப்படியும் ஒரு மடையன் உண்டா?

கீழத்தெருவில் ஒரு வீட்டில் கூத்தாகிவிட்டது. முற்றத்தில் ஆறு பாய் விரித்துக் கிடந்தது. ஒரே வீட்டில் ஆறா என்று பதறி எழுதப் போனேன். உள்ளேயிருந்து வந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படுத்துக் கெடக்க பாயா கேக்கிய, விக்குத பாயா கேக்கிய? இது வெயிலுக்குப் போட்டது. வாங்குததுன்னா உக்காந்து பேசுங்க" என்றாள். கோரைப்பாய் முடைகிற ஊரில் வந்து பாயை எண்ணினால் இதுதான் கதி. அவள் வீட்டில் படுத்துக் கிடந்த பாய் ஒன்றுதான். அதை எழுதிக்கொண்டு, வெட்கத்தோடு வெளியே வந்தேன்.

மேலத்தெருவும் முடிந்தபோது கணக்கு கையில் இருந்தது. அந்த இரண்டு தெருவிலும் பாதிக்குப் பாதி ஜனம் பாயில். நாலு பேராம்! மனைவியை இங்கே அனுப்புவதில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது. மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட. கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா?

பாக்கி இருந்தது மாமனாரின் தெரு. மொத்தம் பத்தே வீடு. ஐந்தாவதும் பத்தாவதும் பார்த்தால் போதும். ஐந்தாவது வீடு மாமனார் வீடு.

"நம்ம வீட்டுல என்ன இருக்கு, அடுத்த வீட்டப் பாருங்க" என்று மாமனார் வாசலை மறித்த மாதிரி நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளறையில் மாமியார் பாயில் கிடந்தார்கள். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டார்கள். அந்த நிலையிலும் முதலில் கேட்டது, "அவ எப்படி இருக்கா? நல்லா சாப்பிடுதாளா?" என்றுதான். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்கள்.

"எல்லா வீட்டையும் எழுதுதியளாமே. என்னிய எழுதாதிய மருமவனே. அவ காதுல விழுந்துட்டா அங்கன நிக்க மாட்டா. வயித்துப் புள்ளையோட வண்டி கட்டிருவா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சரி என்றேன். அது உண்மை என்பதும் எனக்குத் தெரியும். தாய் படுத்துவிட்டாள் என்று தெரிந்தால் அவளை நிறுத்த என்னால் ஆகாது. கம்பவுண்டர் எங்கள் தெருக்காரர். தினமும் இரண்டு வார்த்தை அவளோடு பேசாமல் போகமாட்டார். நோட்டில் ஏறினால் அது அவர் வாய் வழியாக அவள் காதுக்குப் போய்விடும். ஐந்தாவது வீட்டை விட்டுவிட்டு ஆறாவது வீட்டில் கேட்டேன். அங்கே எல்லாப் பாயும் சுருட்டியிருந்தது. பத்தாவது வீட்டிலும் சுருட்டியிருந்தது. தெருவின் பேரை எழுதி, அதற்கு நேரே சைபர் போட்டேன். என் கையெழுத்தில் சைபர்கூட அழகாகத்தான் இருக்கும்.

மாமனாரிடம், "புதன்கிழமை வர வேண்டாம், அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

வீட்டு வாசலிலேயே அவள் நின்றாள்.

"எங்க வீட்டுல எத்தனை பாய்?"

"ஒண்ணும் இல்லை. எல்லாம் சுருட்டியாச்சு. உங்க அம்மா அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தாங்க."

அவள் பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். மற்ற இரண்டு தெருவின் கணக்கையும் சொன்னேன். பாதி ஊர் படுத்திருக்கிறது, நீ போகக் கூடாது என்றேன். நான் பயந்த மாதிரி அவள் சண்டை போடவில்லை.

"அப்ப அம்மாவ இங்கன வரச் சொல்லுங்க. நல்லாத்தானே இருக்காவ" என்றாள்.

"வாரேன்னுதான் சொன்னாங்க" என்றேன். ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானாக வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திங்கட்கிழமை கம்பவுண்டர் என் நோட்டை வாங்கிக்கொண்டு வண்டியோடு போனார். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். என்னை வீட்டுக்குள் வரச் சொல்லாமல் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கீழத்தெருவுல ஆரம்பிச்சேன் வே. நீரு எழுதுனது அச்சு அசலாச் சரியா இருந்துச்சு. அப்புறம் மேலத்தெரு. ஒம்ம மாமனார் தெரு சைபர்லா, கடைசியாப் பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன். நேத்துதான் போனேன். மாமனாரு சுவத்தப் புடிச்சுக்கிட்டு வந்து கதவத் தொறந்தாரு. ஞாயித்துக்கிழமையே அவரும் விழுந்துட்டாராம். அக்கம்பக்கத்துலயும் அதுக்குள்ள எல்லாரும் படுத்துட்டாவ. ரெண்டு பேருக்கும் தண்ணி மோந்து குடுக்க ஆளில்ல. ஒம்ம மாமியாரு புதன்கிழமையே..."

நான் துலாக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் பேசினார். "என் மருந்து ஒண்ணையும் கிழிக்கல வே. வேளாவேளைக்குக் கஞ்சியும் தண்ணியும் உள்ள போனவங்கதான் எந்திச்சாவ. நீரு போன அன்னைக்கு அந்தத் தெரு நல்லாத்தானே இருந்துருக்கு. என்ன செய்ய!"

அவளிடம் சொன்னேன். நான் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது என்று சொன்னேன். அவள் அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, அழாதே என்று எதிர் வீட்டு அம்மாள்தான் இரண்டு நாளும் அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளும் ஒரு மருத்துவச்சியுமாகப் பிரசவம் பார்த்தார்கள். மார்கழியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்ல சுகம்.

குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு மாமனார் வந்தார். ஆள் பாதியாக இருந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல மனதோடுதான் மகளிடம் சொன்னார்.

"அன்னைக்கு ஒங்கம்மா மாப்பிள்ளைகிட்ட, 'என்னிய எழுதாதிய, புள்ள வண்டி கட்டிருவா'ன்னு சொன்னா. மாப்பிள்ளையும் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாவ. அதான் இந்தக் குட்டி இன்னைக்கு என் மடியில கெடக்கா."

அவள் அவருக்குச் சோறு போட்டாள். மறுநாள் அவரை வண்டியேற்றி அனுப்பிவிட்டு வந்து, "அந்த நோட்டைத் தாங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். முன்பு மாதிரியே விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் போனாள். தன் தெருவுக்கு வந்ததும் விரல் நின்றது. நான் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா எழுதாதியன்னாவ. சரி. எங்கிட்டச் சொல்லாததும் சரிதான். சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்" என்றாள். குழந்தை சிணுங்கியது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"கம்பவுண்டருகிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்லா? 'எங்க வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாம், மொதல்ல அந்த வீட்டுக்குப் போங்க'ன்னு ஒரு வார்த்த. அவரு சொல்லியிருக்க மாட்டாரே."

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை.